குருவம்மாள் டேப்

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதத்தில் கஞ்சிக்கோட்டில் வெப்பமானி செய்கிற ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இரும்பு பீரோ அளவு இருந்தது. மூங்கில் கழி கொடுத்து எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மானேஜர் யாக்கோபு தன் அறையிலிருந்த ஏர்கண்டிஷனரைக் கழற்றி அதற்குக் கொடுத்துவிட்டு, வேர்க்க வேர்க்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தார். கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பொறுப்பு ரத்தினசாமிக்கு வந்தது.

ரத்தினசாமி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். அண்ணன் தம்பிகள் நெல்லும் நிலக்கடலையும் போட, இவன் மட்டும் கோயமுத்தூரில் எஞ்சினீயரிங் படித்துவிட்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்து, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். நிதானக்காரன். எந்த மிஷினையும் திறந்து பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவான். இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தும் அவனுக்குப் பேச ஒன்றும் கிடைக்காமல் போனதுதான் சங்கடம்.

வேலை என்னவோ சுலபமானதுதான். சோதனை உலைகளின் சூட்டைக் கம்ப்யூட்டர் விடாமல் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். குறித்ததைத் தாளில் அடித்துத் தர வேண்டும். முதல் பாதியை அது ஒழுங்காகச் செய்தது. இரண்டாம் பாதிக்கு ஆள் இல்லை. கூடவே வரவேண்டிய வெளிநாட்டு பிரிண்டருக்கு இறக்குமதி லைசென்ஸ் கிடைக்கவில்லை. சூடு எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதன் முகத்திலிருந்த சிவப்பு விளக்குகள் எரிந்து எரிந்து அணையும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ள ஓர் ஆள் போடுவதென்றால் கம்ப்யூட்டர் எதற்கு என்று யாக்கோபு கேட்டார். நியாயமான கேள்வி.

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். கோயமுத்தூரில் தந்தி ஆபீஸ் கழித்துப்போட்ட டெலிபிரிண்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். ஓர் ஊரில் தட்டினால் கம்பி வழியாக இன்னோர் ஊரில் தானே அடிக்குமே, அந்தத் தட்டச்சு மிஷின். ரத்தினசாமி அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டினான். அதன் கட்டைகளைத் தட்டினால் அழகாக அடித்தது. கம்ப்யூட்டரிலிருந்து கம்பி இழுத்து அதற்குக் கொடுத்தால் மட்டும் கண்டபடி அடித்தது.

கம்ப்யூட்டரோடு வந்த தடிப் புத்தகத்தில் இதற்கு விளக்கம் இருந்தது. வெளியிலிருந்து எந்தச் சாதனத்தை இணைத்தாலும், கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நடுவே நின்று இதன் பேச்சை அதற்குச் சொல்கிற ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். தங்கள் சாதனங்களுக்கு டிரைவரைக் கம்ப்யூட்டர் செய்தவர்களே தருவார்கள். இந்தப் பழைய டெலிபிரிண்டருக்குக் கேட்டபோது, அது எங்கள் சாதனம் அல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சரி, நாமே எழுதுவோம் என்று ரத்தினசாமி உட்கார்ந்தான். சித்திரை போய் வைகாசியும் வந்தது. தாளில் வரியின் நடுவே அனாதையாக ஓர் எழுத்து விழுந்தது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தும், எழுத்து வரவேண்டிய இடத்தில் மணியோசையும் வந்தன. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு விரலால் மேசையில் தாளம் போடும் புருஷனைப் பார்த்து மருதாத்தாளுக்குக் கவலை வந்துவிட்டது.

“ஏனுங்க, தெரியாததை தெரியிலீன்னு நாலு பேருத்துகிட்டக் கேட்டா என்னங்க? கெணத்துல மோட்டார் ஓடலீன்னா உங்க அண்ணன் ஊரையே கூப்புடறாரல்லங்க?”

ரத்தினசாமிக்கு அது சுருக்கென்று பட்டது. கோயமுத்தூரில் எஞ்சினீயர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் ஒரு சுற்றிதழ் போட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் தன் அவஸ்தையை ஒளிக்காமல் எழுதினான். பழைய டெலிபிரிண்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்தவர்கள் யாராவது உண்டா, டிரைவர் எழுத உதவுவார்களா என்று கேட்டான்.

பதில்கள் வந்தன. புது பிரிண்டர் வாங்குங்கள் என்றார் ஒருவர். லைசென்ஸுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார் இன்னொருவர். மூன்றாவதாக வந்தது மூணாறுக்குக் கீழே சித்திரபுரத்திலிருந்து. மின்சார வாரியத்தில் சப் எஞ்சினீயராக இருக்கிற குருவம்மாள் எழுதியிருந்தாள். “கம்ப்யூட்டரை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. உங்களிடம் இருக்கும் டெலிபிரிண்டரை நன்றாகத் தெரியும். எங்கள் ஆபீஸில் அதே ஜாதி மிஷினை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரின் புத்தகத்தை அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.”

இருந்தது ஒரே புத்தகம். அதைத் தபாலில் போட யாக்கோபு சம்மதிக்கவில்லை. “நீயே கொண்டு போய், நீயே கொண்டு வா” என்று லீவு கொடுத்தார். மருதாத்தாள் கம்பளியும் ஒரு தூக்கு நிறைய நிலக்கடலை உருண்டையும் கட்டிக் கொடுத்தாள். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று பஸ் மாறி மாறி, மடியில் புத்தகத்தைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு ரத்தினசாமி மலை ஏறினான்.

சித்திரபுரத்தில் மழை பிடித்திருந்தது. சேலைக்கு மேல் ஸ்வெட்டரும், ஸ்வெட்டர் பையில் டெஸ்டரும் ஸ்குரு டிரைவருமாக ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றாள் குருவம்மாள். முப்பது வயதிருக்கும். குரல் கணீரென்று இருந்தது.

“வாங்க சார். புஸ்தகம் நனையலைல்லா? அதை முதல்ல இங்ஙன கொடுங்க. பெறவு நீங்க தலைய தொவட்டுங்க.”

அவள் பிறந்தது பக்கத்து எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில். அப்பா அம்மா இருவரும் கொழுந்து எடுக்கிறவர்கள். எஸ்டேட் பள்ளிக்கூடம் முடித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கி, வாரியத்தில் சேர்ந்திருந்தாள். பவர்ஹவுஸும் பவர்ஹவுஸும் மின்கம்பி வழியாகவே பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அந்தப் பிரிவில்தான் வேலை. அதையெல்லாம் அவள் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அதில் வருத்தமும் இல்லை, அடக்கமும் இல்லை. “இந்த டிவிஷன்ல டெலிபிரிண்டர் நின்னா எனக்குத்தான் சார் ஆள் விடுவாக” என்றாள். அது உண்மைதான் என்பதை ரத்தினசாமி சீக்கிரமே பார்த்தான்.

அவனை மிஷின் அறைக்குக் கூட்டிப் போய், ஓடிக்கொண்டிருந்த டெலிபிரிண்டரின் மூடிமேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள்.

“தெரியுதா? ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால ஒரு தட்டு, ‘இந்தா வருது’ன்னு. பெறவு அஞ்சு தட்டு. அதுதான் எழுத்து. கடைசியா கொஞ்சம் நீளமா ஒரு ஓய்வு. அந்த ஓய்வைக் கொறைச்சீகன்னா மூச்சு முட்டிப்போகும். உங்க புரோகிராம்ல ஓய்வு எம்புட்டு?”

ரத்தினசாமி சொன்னான்.

“கொறச்சல். பாதிக் கோளாறு அதுதான்.”

எண்களின் கதையையும் விளக்கினாள். ஐந்து தட்டில் எல்லா எழுத்தையும் எண்ணையும் அடக்க முடியாது. அதனால் ஒரே தட்டுக்கு இரண்டு அர்த்தம். ‘இனி எண்’ என்று ஒரு சொல்லை முன்னால் அனுப்பினால் அதன் பிறகு வருவதெல்லாம் எண். ‘இனி எழுத்து’ என்று அனுப்பினால் எல்லாம் எழுத்து. மிஷின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு கணமும் மறக்கக் கூடாது. இதையெல்லாம் ரத்தினசாமி ஏதோ ஒரு தாளில் படித்தவன்தான். கையில் அதிர்வோடு கேட்கும்போது அது வேறு விஷயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் குருவம்மாள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ரத்தினசாமி வாரியத்து விருந்தினர் அறையில் தங்கினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவளுடைய குவார்ட்டர்ஸுக்குப் போனபோது புத்தகத்தில் பாதி இடங்களில் தேயிலைப் பொட்டலக் காகிதங்கள் அடையாளத்துக்குச் செருகியிருந்தன.

“உங்க கம்ப்யூட்டர் ரொம்பச் சாது சார்” என்றாள். “அதுக்குத் தெரிஞ்ச வேலை மொத்தமே கொஞ்சம்தான். எடு, வை, கூட்டு, சரியான்னு பாரு, அங்க போ. எங்க வீட்டுக்காரகளை வெச்சே ஓட்டிப் பாத்துறலாம்.”

வீட்டுக்காரர் பொன்ராஜ் எஸ்டேட் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அடுப்படியில் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“டிரைவர் எழுதணும்னு சொன்னா. டிரைவர்னா ஜீப் ஓட்டுறவங்கதானே சார்? எழுதறதுக்கு என்ன இருக்கு?”

“இதுவும் ஓட்டறதுதானுங்க” என்றான் ரத்தினசாமி. “வண்டி உங்க சம்சாரத்துக்கு தெரியும். ரோடு எனக்கு தெரியும். ஓட்டத்தான் ரெண்டு பேருக்கும் தெரியிலீங்க.”

பொன்ராஜ் கொண்டு வந்திருந்த தேயிலை சாம்பிள் டப்பாக்களைக் குருவம்மாள் சிமெண்டுத் தரையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு டப்பாவும் கம்ப்யூட்டரின் நினைவில் ஓர் இடம். உள்ளே ஒரு துண்டுக் காகிதம், அதில் ஓர் எண். காலையிலிருந்து தான் எழுதி வைத்திருந்த கட்டளைகளை ஒரு பக்கத்து டப்பாக்களில் போட்டாள். அடிக்க வேண்டிய எழுத்துகளை மறுபக்கம் போட்டாள். பொன்ராஜ்தான் கம்ப்யூட்டர். வராந்தாவின் நீளத்துக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டு போகிற டெலிபிரிண்டர், ரத்தினசாமி.

“டப்பாவுல இருக்கதை மட்டும் செய்யணும்” என்று புருஷனுக்குச் சொன்னாள். “உங்க புத்தியைக் கொஞ்சம் எடுத்து அங்ஙன ஜன்னல்ல வையுங்க.”

“அது எனக்கு லேசு. கல்யாணம் ஆனதுல இருந்து அங்கதானே இருக்கு.”

ஆரம்பித்தார்கள். பொன்ராஜ் டப்பாவைத் திறப்பான், காகிதத்தைப் படிப்பான், சொன்னபடி செய்வான், ஓர் எழுத்தைக் கூப்பிடுவான். ரத்தினசாமி குனிந்து தரையில் எழுதிவிட்டு ஓரடி நகர்வான். இப்படியே வராந்தாவின் வலது கோடி வரை வந்தாயிற்று. ‘வரி முடிந்தது, திரும்பு’ என்றான் பொன்ராஜ். ரத்தினசாமி நிமிர்ந்து இடது கோடிக்கு நடக்க ஆரம்பித்தான். பாதி வழி போகவில்லை, பொன்ராஜ் அடுத்த டப்பாவைத் திறந்து “ஏ!” என்று கூவினான்.

ரத்தினசாமி நடுவராந்தாவில் நின்றான். என்ன செய்வது என்று தெரியவில்லை. மிஷின் என்ன செய்யுமோ அதைச் செய்தான். நின்ற இடத்தில் குனிந்து ‘ஏ’ என்று எழுதினான்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கஞ்சிக்கோட்டில் தாளின் நடுவே அனாதையாக விழுந்துகொண்டிருந்த அந்த எழுத்து இதோ காலடியில் கிடந்தது. தன்னை அறியாமல் சிரித்துவிட்டான்.

“அம்மிணி! இதுதானுங்க! இதேதானுங்க! ரெண்டு மாசமா என்ற உசுர வாங்குனது இதுதானுங்க!”

குருவம்மாளும் குனிந்து பார்த்தாள். “மிஷின் திரும்பி வரதுக்கு நேரம் வேணும்லா? உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, பாவம். அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு.”

“அப்ப கொஞ்சம் காத்திருன்னு புரோகிராம்ல எழுதிரலாங்களா?”

“எழுதலாம். ஆனா எம்புட்டு நேரம் காத்திருக்கணும்? புது மிஷினு சட்டுனு திரும்பும். கெழட்டு மிஷினு ஆடி அசைஞ்சு வரும். நாங்க லைன்ல என்ன செய்வோம்னா, வரி முடிஞ்சதும் ‘இனி எழுத்து’ங்கிற சொல்லை ரெண்டு மூணு வாட்டி சும்மா அனுப்புவோம். அது தாள்ல எதையும் அடிக்காது. மிஷின் அதைக் கேட்டுக்கிட்டே நடந்து வந்துரும். அதுபோக, அது எந்த நிலையில இருக்குன்னும் நமக்கு நிச்சயம். ஒரே கல்லு சார், ஆனா ரெண்டு மாங்கா.”

டப்பாக்களை மாற்றி அடுக்கி மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை பொன்ராஜ் ‘இனி எழுத்து, இனி எழுத்து’ என்று கூவக் கூவ ரத்தினசாமி இடது கோடிக்கு நடந்து போய்ச் சேர்ந்து, அடுத்த வரியைச் சரியான இடத்தில் ஆரம்பித்தான். மழைக்கு ஒதுங்கிய பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள், ஓர் அந்நிய மனிதன் குருவம்மாள் வீட்டு வராந்தாவில் குனிந்து நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம். வேகவைத்த கப்பையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் மருதாத்தாளின் நிலக்கடலை உருண்டையும் மத்தியானச் சாப்பாடாயிற்று.

சாயங்காலத்துக்குள் புரோகிராம் சுத்தப் பிரதியானது. ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அது எதற்கு என்று குருவம்மாள் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத ஒருத்தி அதன் பாஷையில் எழுதிய புரோகிராம். ரத்தினசாமி வரி வரியாகப் படித்தான். தான் பத்து வரியில் சுற்றி வளைத்த இடத்தை அவள் மூன்று வரியில் கடந்திருந்தாள். பொறாமை வந்திருக்க வேண்டிய இடம்தான். அவனுக்கு வந்தது என்னவோ, நல்ல பாட்டுக் கச்சேரியில் முன்வரிசையில் இடம் கிடைத்தவனின் சந்தோஷம்.

தாளின் தலைப்பில் தன் பேரை எழுதி, அதன் கீழே அவள் இரண்டு வரி சேர்த்திருந்தாள். “வேண்டியவர்கள் யாரும் இதைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். தப்பு கண்டால், திருத்தினால், எங்களுக்கும் சொல்ல வேண்டும்.”

“இது எதுக்குங்க அம்மிணி?”

“நீங்க சுற்றிதழ்ல கேட்டீகள்லா, அதை எத்தனை பேரு படிச்சிருப்பாக? அதுல ரெண்டு பேருக்காச்சும் இதே தலைவலி இருக்கும். அவுகளும் பஸ் ஏறி இங்ஙன வரணுமா?”

கஞ்சிக்கோட்டுக்குத் திரும்பியதும் புரோகிராமைக் காகித டேப்பில் துளைபோட்டு ஏற்றினான். அந்தக் கம்ப்யூட்டருக்கு எதைப் புகட்டுவதானாலும் அப்படித் துளையிட்ட காகிதச் சுருளில்தான் புகட்ட வேண்டும். யாக்கோபு பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார். டெலிபிரிண்டர் உறுமியது; அடித்தது. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தாற்போல் விழுந்தன. தேதி, உலையின் பெயர் எல்லாம் சரி. சூட்டின் முதல் எண் சரி. அதற்கடுத்த எண்தான் எண்ணாக இல்லை. ‘412’ என்று அடித்து, இடம் விட்டு, ‘415’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘RQT’ என்று அடித்தது. ஒவ்வொரு வரியிலும் அப்படித்தான்.

டிரங்க் கால் போட்டு விஷயத்தைச் சொன்னான். கரகரப்புக்கு நடுவே குருவம்மாளின் குரல் கேட்டது. “பழனிக்கு வாரோம் சார், அடுத்த வாரம். அப்படியே அங்ஙன வந்து பாக்கேன். எனக்கும் அதைப் பாக்கணும்லா.”

சொன்னபடியே வந்தாள். பொன்ராஜ் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கூட வந்தான். ஏர்கண்டிஷன் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, அந்த இரும்பு பீரோவின் முன்னால் போய் நின்றாள். பிறகு அதன் விளக்குகளைப் பார்த்தாள். எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று யாரும் சொல்லாமலே ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“டப்பாவை விட இது கொஞ்சம் வேகம்தான்” என்றான் பொன்ராஜ்.

குருவம்மாள் டெலிபிரிண்டருக்குப் போனாள். கம்ப்யூட்டரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, தானே கட்டைகளைத் தட்டினாள். ‘இனி எண்’, நானூற்றுப் பன்னிரண்டு, இடம், நானூற்றுப் பதினைந்து. தாளில் ‘412 RQT’ விழுந்தது. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரிலும் இல்லை, புரோகிராமிலும் இல்லை. மிஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு ஒரு சின்ன இரும்பு நெம்புகோலைத் தொட்டுக் காட்டினாள்.

“இது தந்தி ஆபீஸ் மிஷினுல்லா? இடம் விட்டதும் தானாவே எழுத்துக்குத் திரும்பிரும். எங்க மிஷின்ல இந்த நெம்பு கிடையாது. அதான் எனக்குத் தோணலை. தப்பு என்னோடதுதான் சார்.”

“கழட்டி எறிஞ்சுட்டா ஆச்சுங்க” என்று ரத்தினசாமி ஸ்குரு டிரைவரை எடுத்தான்.

“வேண்டாம் சார். இதைக் கழட்டினா உங்க மிஷின் ஓடும். அடுத்தவன் மிஷினுக்கு நாம போய்க் கழட்டவா முடியும்? ஒவ்வொரு இடத்துக்குப் பெறவும் ‘இனி எண்’ணுன்னு திரும்பச் சொல்லிருவோம். நெம்பு இருக்க மிஷினுக்கும் சரி, இல்லாத மிஷினுக்கும் கெடுதல் இல்ல.”

ரத்தினசாமி ஸ்குரு டிரைவரை மெல்லக் கீழே வைத்தான். தான் எதிரில் இருக்கிற மிஷினைப் பார்க்கிறோம், இவள் இதுவரை பார்க்காத மிஷின்களையும் சேர்த்துப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது.

திருத்தி ஏற்றியதும் தாள் நிறைய எண்கள் அணிவகுத்து வந்தன. யாக்கோபு தாளைக் கிழித்து எடுத்து, கண்ணாடியை ஏற்றி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எல்லாருக்கும் காப்பி சொல்லி அனுப்பினார். காப்பி வருவதற்குள் அவருக்குள் இருந்த மானேஜர் விழித்துக்கொண்டார்.

“இனி இந்த டேப்பைப் பூட்டி வைக்கணும், ரத்தினசாமி. கம்பெனி பேர் போட்டு வை. நாளைக்கு நம்ம கருவியோட சேர்த்து இதையும் விற்கலாம். கோயமுத்தூர் மில்லிலிருந்து ஆசீர்வாதம்னு ஒருத்தர் கேட்டு எழுதியிருக்கார்னு சொன்னியே, இல்லேன்னு எழுதிடு.”

பதினைந்து வருஷ வேலையில் ரத்தினசாமி மானேஜரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“அது முடியாதுங்க சார்” என்றான். “பாதி நான் எழுதலீங்க. எழுதுனவங்க தலைப்புலயே சொல்லியிருக்காங்க. அதை அழிக்க எனக்கு மனசு வராதுங்க.”

யாக்கோபு குருவம்மாளின் பக்கம் திரும்பினார். “உங்களுக்குச் செய்ய வேண்டியதைக் கம்பெனி செய்யும், குட்டி” என்றார், மகளைக் கூப்பிடுவதுபோல.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். ஒண்ணு கேக்கட்டா? இப்பப் பாத்தோம்லா, இந்த நெம்பு. இது எனக்கு எப்படித் தெரிஞ்சுது? வேற மிஷின்ல ஓட்டுனதாலதானே? இன்னும் எத்தனை தப்பு உள்ள கெடக்கோ. இந்த ஒரு மிஷின்ல ஓட்டுனா தெரியாது. நாலு ஊருல நாலு பேரு ஓட்டுனாத்தான் வெளிய வரும். நீங்க பூட்டி வச்சீகன்னா, தப்பையும் சேத்துல்லா பூட்டி வைப்பீக.”

“எடுத்துக்கிட்டவன் திருத்தியதைத் திருப்பித் தரலேன்னா?”

“தராட்டா போறான். உங்ககிட்ட இருக்கது உங்ககிட்டதானே சார் இருக்கு. அவன் எடுத்துட்டுப் போனதால இதுல ஒரு வரி கொறஞ்சா போச்சு?”

காப்பி வந்தது. யாக்கோபு குடித்து முடிக்கும்வரை அந்தத் தாளையே புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், “மில்லுக்காரர் நமக்குப் போட்டியில்லை. அவருக்கு மட்டும் அனுப்பிப் பார்” என்றார். முழு மனசோடு சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

ஆசீர்வாதம் நூற்பாலையில் மின்பகுதியைக் கவனிக்கிறவர்; அங்கேயும் இதே ஜாதிக் கம்ப்யூட்டரும் ஒரு பழைய டெலிபிரிண்டரும் இருந்தன. டேப்பும் குருவம்மாளின் தாளின் பிரதியும் போன பிறகு ஆவணி வரை அவரிடமிருந்து சத்தமே இல்லை. யாக்கோபு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே ரத்தினசாமிக்குக் கேட்பதுபோல இருந்தது. ஒருநாள் மத்தியானம் ஆசீர்வாதம் தாமே மோட்டார் சைக்கிளில் வாளையாறு தாண்டி வந்து இறங்கினார். கையில் பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் சுருள் டேப்.

“குருவம்மாங்கறது யாருங்க? நீங்களா?” என்றார் ரத்தினசாமியிடம்.

“நான் இல்லீங்க. அவுங்க சித்திரபுரத்துல இருக்கறாங்க.”

“படிக்கப் படிக்க எதிர்ல உக்காந்து பேசறாப்பல இருந்துதுங்க. ஆனா ஒண்ணு. மிஷின் அடிச்சு முடிக்கற வரைக்கும் கம்ப்யூட்டர் சும்மா காத்துக்கிட்டு கெடக்குதல்ல? எங்க மில்லுல அந்த நேரத்துல நூல் அறுந்தா தெரியாமப் போயிருது. அதனால மாத்திட்டேன். அடிக்க வேண்டியதை ஒரு வரிசையா வெச்சுட்டு கம்ப்யூட்டர் வேற வேலைக்குப் போயிரும். மிஷின் ஒரு எழுத்து முடிச்சதும் அதுவே கூப்புடும். வந்து அடுத்ததைக் குடுத்துட்டு மறுபடி போயிரும்.”

அதை ஏற்றிப் பார்த்தார்கள். டெலிபிரிண்டர் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் உலைகளின் சூட்டையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை அடிக்கிற நேரத்திலெல்லாம் உலைகளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் கம்பெனிக்குத் தெரிந்தது. யாக்கோபு டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“கேட்கிற எல்லாருக்கும் அனுப்பு” என்றார். “பிரதி எடுக்கக் காகிதச் சுருள் கூடுதலா வேணும்னா சொல்லு.”

டேப் எங்கெங்கே போயிற்று என்று ரத்தினசாமிக்கு முழுதாகத் தெரியாது. கேட்டவர்களுக்கு அனுப்பினான். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலர் திருத்தி அனுப்பினார்கள், பலர் அனுப்பவில்லை. வந்த திருத்தங்களை எல்லாம் சித்திரபுரத்துக்கு அனுப்பிவைப்பான். சிலதுக்கு ‘சரி’ என்றும், சிலதுக்கு ‘இது அவர் மிஷினுக்கு மட்டும்தான் ஆகும்’ என்றும் பதில் வரும்.

மறு வருஷம் கார்த்திகையில் கம்பெனி அவனை ஒரு கூட்டத்துக்குப் பெங்களூர் அனுப்பியது. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஒரு சர்க்கரை ஆலைக்காரர் பேச்சுக் கொடுத்தார். சேலத்துப் பக்கம். ரத்தினசாமி பழைய டெலிபிரிண்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதாகச் சொன்னதும் அவர் உற்சாகமாகிவிட்டார்.

“அப்ப நீங்களும் குருவம்மாதான் போட்டிருப்பீங்க?”

“என்னது?”

“குருவம்மாங்க. அந்த டிரைவர் பேரு. டெலிபிரிண்டருன்னா எல்லாரும் அதைத்தான் போடறாங்க. எங்களுக்கு மதுரைக்காரர் ஒருத்தர் குடுத்தார். ஏதோ அம்மன் பேரை வச்சிருக்காங்க போல. தொட்டுக் கும்பிடற மாதிரித்தான் இருக்கு வேலையும்.”

ரத்தினசாமிக்குச் சிரிப்பு வந்தது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே, அது அம்மன் பேர் இல்லை, சித்திரபுரத்தில் மின்சார வாரியத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பேர், அவர் அதை எழுதும்போது கம்ப்யூட்டரைப் பார்த்ததுகூட இல்லை என்று சொன்னான். வரிசை நகர்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர்களும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேயிலை டப்பாக்களையும் வராந்தாவையும் சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் தீர்ந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சித்திரபுரத்துக்கு டிரங்க் கால் போட்டான். உங்கள் பேரிலேயே அது ஊர் ஊராய்ச் சுற்றுகிறது, அம்மன் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். எதிர்முனையில் குருவம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பொன்ராஜிடம் திரும்பிச் சொல்வதும், அவன் ஏதோ பதில் சொல்வதும், இருவரும் மறுபடி சிரிப்பதும் கேட்டன. பிறகு அவள் குரல் மாறியது.

“சார், சர்க்கரை ஆலைன்னு சொன்னீகள்லா? அங்ஙன தூசியும் பிசுக்குமா இருக்கும். மிஷின் திரும்பி வர ரொம்ப நேரம் எடுக்குமே. வரி முடிஞ்சதும் நாம சும்மா அனுப்புற ரெண்டு சொல்லு அவருக்குப் போதுதா? கேட்டீகளா?”

“கேக்கலீங்களே அம்மிணி.”

“விலாசம் இருக்கா? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”